இலஞ்சி வரப்பில் முக்காலி நட்ட மூன்று நாட்கள்

சிறிய தொலைநோக்கியைக் கேமரா முக்காலியில் பொருத்திக் குற்றாலத்துக்கு எடுத்துப் போகலாமா என்று வாசகர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். போகலாம். நான் 1961 ஜூன் கடைசி வாரத்தில் போனேன். அப்போது சென்னையில் ஒரு நாளிதழில் சேர்ந்து மூன்றாண்டு ஆகியிருந்த நிருபர். கிடைத்தது ஐந்து நாள் விடுப்பு. அருவியடியில் கூட்டத்தோடு நனைவதைவிட, எட்டி நின்று சாரல் மேகம் மலை விளிம்பைத் தொடும் இடத்தைப் பார்க்க ஆசை.

தொலைநோக்கி பித்தளை. மூர் மார்க்கெட்டில் பதினெட்டு ரூபாய். இருபது மடங்கு காட்டும் என்றார் விற்றவர். நான் சோதித்ததில் பதினைந்துக்கு மேல் தேறவில்லை. கையில் பிடித்தால் மூச்சு விடும்போதெல்லாம் காட்சி ஆடியது. அதனால் நண்பரிடம் கேமரா முக்காலியை இரவல் வாங்கினேன். அதன் தலையில் கால் அங்குலத் திருகு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தொலைநோக்கியில் அது ஏற மரை கிடையாது. போகிற ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ரயிலேறிவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

காலை ஏழே காலுக்குத் தென்காசி. ஸ்டேஷன் பக்கத்தில் காதர் பாய் என்பவரின் சைக்கிள் கடை. அவர் குழாயை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். முக்காலியையும் பார்த்தார். பிறகு என்னை.

"இத வெச்சு யாரு வயல அளக்கப் போறிய?"

"மலையைப் பார்க்க."

"மலையப் பாக்க கண்ணு பத்தாதாக்கும்" என்றார். வேலை மட்டும் சுத்தம். குழாயை ஒரு விரல்மேல் கிடத்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஆறு அங்குலத் தேக்குத் துண்டின் அடியில், அந்தக் கோட்டுக்கு நேராக, கால் அங்குல நட்டைப் பதித்தார். மட்கார்டைத் தாங்கும் இரும்புப் பட்டையை வளைத்து இரண்டு வளையம் செய்து, உள்ளே பழைய டியூப் ரப்பர் ஒட்டி, குழாயைக் கட்டைமேல் இறுக்கினார். ஒரு மணி நாற்பது நிமிடம், ஒன்றேகால் ரூபாய். நான் கடையைத் தாண்டுமுன்பே யாரோ உள்ளே போய் என்னைப் பற்றி விசாரித்தார்கள்.

குற்றாலத்துக்கு மூன்றரை மைல், குதிரை வண்டியில் பன்னிரண்டு அணா. அறையில் பெட்டியை வைத்துவிட்டு மூன்றரை மணிக்குப் பக்கத்து ஊரான இலஞ்சியின் வயல் வரப்பில் முக்காலியை நிறுத்தினேன். அடிக்கால்களை இழுத்து நீட்டவில்லை. நீட்டினால் காற்றில் நடுங்கும். நடுவில் ஒரு துணிப்பையில் கற்களைப் போட்டுத் தொங்கவிட்டேன். காட்சி நின்றது. அருவியின் நடுப்பகுதியும் அதன்மேல் நகரும் மேகமும் துல்லியமாகத் தெரிந்தன.

இரண்டு நிமிடத்தில் ஒரு தலை வந்து மறைத்தது. வயலுக்குள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், முழங்கால் சேற்றில், நேரே என் குழாயைப் பார்த்தபடி நின்றார். முக்காலியை முப்பது அடி தள்ளி வைத்தேன். அவரும் முப்பது அடி தள்ளி வந்தார். மறுநாள் காலையிலும் அவரேதான். என்னை வேவு பார்க்க ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். குறிப்பேட்டில் அவர் தோற்றத்தையும் நேரத்தையும் எழுதினேன்.

நான் எழுதியதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு இன்னொருவர் குடையோடு வந்தார். வயலின் சொந்தக்காரரிடம் வேலை பார்க்கும் கணக்கப்பிள்ளை.

"சார்வாள் எந்த ஆபீசு?"

"ஆபீஸ் இல்லை. பத்திரிகை நிருபர். மலை பார்க்க வந்தேன்."

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாக" என்று சிரித்தார். "நோட்டுல யாரு பேரு ஏறியிருக்குன்னு மட்டும் சொல்லிருங்க. வீட்டுல ஒரு வாய் காப்பி சாப்பிடலாம்."

காப்பி வேண்டாம் என்று நோட்டை மூடினேன். மூடியதே தப்பாகப் போயிற்று. அவர் போன வேகத்தில் குடை சாய்ந்தது.

பிறகுதான் சேற்றில் நின்றவர் கரையேறினார்.

"அய்யா, குழாய்க்குள்ள நான் தெரிஞ்சனா?"

"நீங்க மட்டும்தான் தெரிஞ்சீங்க. அருவி தெரியல."

"அது போதும். எம்பேரு சுடலமுத்து. எழுதிக்கிடுங்க."

நில உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம். அளக்க வருபவர் வயலில் யாரைப் பார்க்கிறாரோ அவர் பேரையே எழுதுவார் என்று சுடலைமுத்து நம்பினார். பதினொரு வருடமாக அந்த வயலை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, பயிரிடுகிறார். கையில் ஒரு சீட்டும் இல்லை. இந்தக் கார்ப் பருவ நடவோடு அவரை வெளியேற்ற, கணக்கப்பிள்ளை வேறு ஆட்களையும் நாற்றையும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். யார் நடுகிறாரோ வயல் அவர் கையில்.

நான் சர்வேயர் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. நாற்றுக்கட்டோடு வந்த அவர் மனைவி பேச்சியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவுக இல்லன்னா இல்லன்னே இருக்கட்டும். கணக்கப்பிள்ளைக்குத் தெரியாதுல்லா? அய்யா, நடவு முடிய இன்னும் ஒருநாப் பாடு. அதுவரைக்கும் இந்த முக்காலிய இங்கனயே வெச்சிருங்க. அவுககிட்ட மறுபடி ஒண்ணும் சொல்லிராதிய."

நிருபரின் மனச்சாட்சி கொஞ்சம் உறுத்தியது. ஆனால் கணக்கப்பிள்ளையிடம் உண்மையை ஒருமுறை சொல்லிவிட்டேன், அவர்தான் ஏற்கவில்லை. திரும்பச் சொல்லும் கடமை எனக்கு இல்லை என்று முடிவு செய்தேன். அன்று மாலைவரை நின்றேன். மறுநாள் ஆறரைக்கே வந்துவிட்டேன். எட்டு மணிக்குக் கணக்கப்பிள்ளை நாற்றுக்கட்டுகளோடு ஆறு பெண்களை அழைத்து வந்து எதிர் வரப்பில் நின்றார். குழாயை மெதுவாக அவர் பக்கம் திருப்பினேன். குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். கால் மணி நேரம் அப்படியே நின்றார். பெண்கள் முதலில் திரும்பினார்கள், பின்னாலேயே குடையும். பதினொன்று இருபதுக்குச் சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும் கடைசி நாற்றையும் நட்டு முடித்தார்கள்.

அந்த மூன்று நாளில் மலையைப் பார்த்தது மொத்தம் நாற்பது நிமிடம் இருக்கும். அந்த வயல் பிறகு யார் பேரில் பதிவானது என்று எனக்குத் தெரியாது. விசாரித்து எழுதாதது என் குறை.

போகிறவர்களுக்கு: கட்டையையும் வளையத்தையும் வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள். நட்டு, குழாய் சமன்படும் இடத்துக்கு நேர்கீழே இருக்கட்டும். கற்கள் போட்ட பையை மறக்காதீர்கள். வரப்பில் நிறுத்துமுன் வயல் யாருடையது, உழுவது யார் என்று இரண்டையும் கேளுங்கள். அடையாள அட்டை வைத்திருங்கள். அதனால் சந்தேகம் தீரும் என்று எண்ணிவிட வேண்டாம். முக்காலியை மடக்கும்போது சுடலைமுத்து குரலைத் தாழ்த்தி, "இப்பமாவது நெசத்தச் சொல்லுங்க, எந்த ஆபீசு?" என்று கேட்டார். பத்திரிகை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, மனைவியிடம் நீட்டினார். பேச்சியம்மாள் சேற்று விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கணவரிடம் மெல்லச் சொன்னார்:

"முத்திர போட்டிருக்கு. கவர்மெண்டுதான்."