பின்னிஷ் பெயரடைக்கு ஒரே ஒரு கட்டம்

புதன்கிழமை காலை, எங்களுக்குப் பின்னிஷ் மொழிபெயர்த்துத் தரும் அய்னோ என் எக்செல் ஷீட்டைத் திருப்பி அனுப்பினாள். 'சிறிய', 'பெரிய', 'அமைதியான' என்ற பெயரடைகளுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை பின்லாந்து ஹோட்டல்காரருக்கு டெமோ. அன்றே என் ப்ரொபேஷனும் முடிகிறது. டெமோ பிழையாகப் போனால் வேலை போச்சு.

இது 2000களின் நடுப்பகுதி. பார்க்கிங் என்ற ஊரில் ஒரு கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். ஹோட்டல் புக்கிங் தளங்களைப் பல மொழிகளில் செய்து கொடுப்போம். சொற்களைத் தனித்தனியே வாங்கி வைத்தால் புரோகிராம் அவற்றை ஒட்டி வசனமாக்கும். அந்தப் புரோகிராமை எழுதியவன் நான்.

பின்னிஷில் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும் என்று அறிந்ததும் எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. "எங்கட தமிழ் மாதிரித்தான் அண்ணை. 'அறை', 'அறையில்' எண்டு பெயர்ச்சொல்லுக்குப் பத்துக் கட்டம் போட்டிட்டன். பெயரடை மாறாது, ஒண்டு காணும்" என்று முதலாளி செல்வத்திடம் அளந்திருந்தேன். அவர் மலேசியத் தமிழர். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

போன் செய்ததும் அய்னோ பக்கத்து ஊரான குட்மேய்ஸிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். வந்த வேகத்தில் போர்டில் எழுதினாள். அமைதியான அறை, 'ஹில்யைனென் ஹுவொனெ'. அமைதியான அறையில், 'ஹில்யைசெஸ்ஸா ஹுவொனேஸ்ஸா'. அமைதியான அறைகள், 'ஹில்யைசெத் ஹுவொனேத்'. நம் 'அமைதியான' அசையாமல் நிற்கிறது. அவர்களுடையது பெயர்ச்சொல்லோடு கூடவே மாறிக்கொண்டு போகிறது! வேலை போகிற பயத்திலும் எனக்கு மயிர் கூச்செறிந்தது.

"எல்லா இடத்திலும் முதல் உருவையே போட்டுவிட்டால்?" என்று மெல்லக் கேட்டேன்.

"விளங்கும். ஆனால் அந்தத் தளத்தை நம்பி யாரும் அறை எடுக்கமாட்டார்கள்" என்றாள்.

நேரே செல்வத்திடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னலா தம்பி, ஒண்ணு போதும்னு நீதானே சொன்னே?"

"பிழை என்ரைதான் அண்ணை. ஒட்டுற வேலையை விட்டிட்டு முழு வசனமாப் போடுவம். நாப்பது வசனம். நாளைக்குள்ள முடிக்க ஏலும்."

"அப்பறம் ஏன் இங்க நிக்கறே? போ!"

அய்னோ சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். ஒவ்வொரு முறை பெயரடை உருமாறியபோதும் "இதுவுமா!" என்று கத்தினேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹோட்டல்காரர் ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் நிமிர்ந்து, "உங்களிடம் எத்தனை பின்லாந்துக்காரர் வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டார்.

அவர் போனதும் செல்வம், "தம்பி, திங்கக்கிழமை லேட்டா வராதே" என்றார். நான் துள்ளிக் குதிக்காத குறை.

அதற்குப் பிறகு எந்த மொழி வந்தாலும், முதல் கட்டம் போடுமுன் அந்த மொழிக்காரருக்கு என் பக்கத்தில் உட்கார ஒரு கதிரை போட்டுவிடுவேன்.