ஏறத் தெரியாத சைக்கிளில் பாருய்பூர்

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். ஏறத்தான் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பயணம் முழுக்க நான் ஏன் மதகுகளையும் கோயில் படிகளையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டு போனேன் என்பது உங்களுக்குப் புரியாது.

நாற்பத்தொன்பது வயதில், போன மழைக்காலம் முடிந்த கையோடு, கல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் பிளாக்குக்குள்ளேயே கற்றுக்கொண்டேன். சால்ட் லேக் திட்டம் போட்டுக் கட்டின ஊர். தெருவுக்குத் தெரு நடைபாதை உண்டு, அதற்கு ஒரு சாண் உயரத்தில் விளிம்பும் உண்டு. சீட்டில் உட்கார்ந்து, இடது காலை விளிம்பில் ஊன்றி, வலது பெடலை ஓங்கி ஒரு மிதி மிதித்தால் வண்டி போய்விடும். இறங்குவதும் விளிம்பில்தான். சமதரையில் முயன்றபோதெல்லாம் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தென்காசியில் சிறுவயதிலேயே கற்றிருக்கலாம். மூன்று அண்ணன்மார் ஓட்டி முடித்து என் கைக்கு வந்தபோது அந்த சைக்கிளில் செயின் இல்லை.

என் கணவர் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். குளிர்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்கே பாருய்பூர்ப் பக்கம் போய்விடுவார். கொய்யாப்பழமும் கதையுமாகத் திரும்புவார். பழத்தைத் தின்று கதையைக் கேட்டே எனக்குக் கல்யாண வாழ்க்கையில் பாதி போய்விட்டது. இந்த ஜனவரியில், "நானும் வர்றேன்" என்றேன்.

இந்தத் தடவை வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினால் அதன் பிறகு அதைத் தொடமாட்டேன் என்று எனக்குத் தெரியும். பாதியில் விடுவதில் நான் கெட்டிக்காரி. வீணை, நீச்சல், வங்காள எழுத்து எல்லாம் அப்படிப் போனவைதான்.

காலை ஆறரை மணி. நகரத்தின் பெரிய சாலைகள் பலவற்றில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. அனுமதித்தாலும் பஸ்களுக்கு நடுவே என்னை யார் விடுவார்கள்? 'சோட்டா ஹாத்தி' என்று இங்கே சொல்லும் சின்ன சரக்கு வண்டியைப் பேசியிருந்தோம். போகவர இரண்டாயிரம் ரூபாய். பாருய்பூரில் இறக்கிவிட்டு, மதியம் தப்தபி ஸ்டேஷன் வாசலில் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. டிரைவர் இரண்டு சைக்கிளையும் பார்த்துவிட்டு, "வீடு மாத்துறீங்கன்னு நினைச்சேன் தாதா. கட்டில் பீரோ எல்லாம் எங்க?" என்று இந்தியில் கேட்டார். இங்கே அண்ணன் என்றால் தாதா, அக்கா என்றால் தீதி.

முப்பது கிலோமீட்டரும் பனிமூட்டத்திலேயே போயிற்று. எட்டு மணிக்கு பாருய்பூர் ரயில்வே கேட்டைத் தாண்டி இறங்கினோம். சாத்தியிருந்த ஒரு மருந்துக்கடையின் படியில் கால் ஊன்றி ஏறினேன். எங்களுக்குள் ஒரு உடன்படிக்கை இருந்தது: அவர் முன்னால் போக வேண்டும், கால் ஊன்ற உயரமான இடம் வந்தால் கையைத் தூக்க வேண்டும்.

கடைத்தெருவை விட்டு இடதுபக்கம் திரும்பியதும் சத்தம் அடங்கியது. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய சிமென்ட் பாதை. இருபக்கமும் கொய்யாத் தோப்பு, நடுநடுவே லிச்சி மரங்கள், மேலே வளைந்து கூடிய மூங்கில். வீட்டுக்கு ஒரு குளம், குளத்துக்கு ஒரு வாத்துக் கூட்டம். இங்கே கொய்யாக் கிளைகளை வளைத்துக் கயிறு போட்டு, தரையில் முளையடித்துக் கட்டிவிடுகிறார்கள். அப்படி வளைத்தால் கிளை நெடுகப் புதுத் தளிர் விட்டுப் பருவமில்லாத காலத்திலும் காய்க்குமாம். ஈச்சமரங்களில் சாறு இறக்கும் பானைகள் தொங்கின. பாதையெல்லாம் இலைச்சருகு, சக்கரத்தின் அடியில் அது நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. இத்தனை வருஷமாக இவர் சொன்ன கதையில் இந்தச் சத்தம் மட்டும் வரவே இல்லை. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒன்பதரைக்கு அவர் கை தூக்கினார். ஒரு மதகு, அதையொட்டி டீக்கடை. மதகுச் சுவரில் காலை ஊன்றி சீட்டை விட்டு இறங்காமலே மண்குவளையில் டீ குடித்தேன். பத்து ரூபாய். வடக்கத்திக் கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரைமேல் இருப்பாரே, அப்படி இருந்தேன்.

"இறங்கி உட்காருங்க தீதி, பெஞ்ச் காலியாத்தான் இருக்கு" என்றாள் கடைக்காரப் பெண் வங்காளியில்.

"அவங்க இறங்கமாட்டாங்க, இன்னிக்கு விரதம்" என்றார் என் கணவர். பிறகு என்னிடம் தமிழில், "அரே பாபா, முறைக்காத கோமதி. இன்னும் ஆறு கிலோமீட்டர்தான். நிக்காமப் போயிடலாம்" என்றார்.

போயிருப்போம். ஆனால் சரஸ்வதி பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. நம் ஊரில் நவராத்திரியோடு வருவது, இங்கே தை மாசியில் வரும். ஒரு வளைவில் எதிரே பேட்டரி ரிக்ஷா ஒன்று வந்தது. அதில் முகத்தைச் செய்தித்தாளால் மூடிய சரஸ்வதி சிலை. பாதை முழுவதும் அவளுக்கே சரியாக இருந்தது. ஓரத்தில் ஒதுங்கி, எப்படியோ தடுமாறி இறங்கிவிட்டேன். ரிக்ஷாக்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். முன்னால் போன என் கணவர் மூங்கில் வளைவுக்கு அப்பால் மறைந்திருந்தார்.

சுற்றிலும் பார்த்தேன். பாதையும் மண்ணும் ஒரே மட்டம். படி இல்லை, மதகு இல்லை. முயன்றேன், விழுந்தேன். மறுபடி முயன்றேன், சருகுக்குள் விழுந்தேன். அழுகை வந்தது.

தோப்போரம் கொய்யா தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். அவள் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து என் இடது பெடலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதில கால் வைங்க தீதி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் பின்னால் கையைக் காட்டினாள். குளத்துப் படித்துறையில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. மகள் பள்ளிக்கூடம் போன வண்டி. மகள் கல்லூரிக்குப் போன பிறகு இவளுடையது. பெயர் மினதி. காலையில் படித்துறையில் ஏறினால் பாருய்பூர்ச் சந்தை முனையில் ஒரு கல் இருக்கிறதாம், அதில்தான் இறங்குவாளாம்.

"நடுவில யாராவது கூப்பிட்டா?" என்றேன் என் அரைகுறை வங்காளியில்.

"நிக்கிறதே இல்ல. கைய ஆட்டிட்டுப் போயிடுவேன். அதனால ஊர்ல எனக்குத் திமிர் பிடிச்சவன்னு பேரு. என் நாத்தனார் ரெண்டு வருஷமாப் பேசறதில்ல!"

பெட்டிமேல் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது: இந்தப் பெட்டியில் ஏறினால் அடுத்து நிற்கும் இடத்தில் இன்னொரு பெட்டி வேண்டும். எழுந்து அதைக் காலால் ஓரம் தள்ளினேன்.

மினதி பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒருமுறை அவளையும் சேர்த்துக்கொண்டு விழுந்தேன். எழுந்தபோது வந்தது கோபம்தான். சீட்டில் உட்காரக்கூடப் பொறுக்காமல் மேலே நின்ற பெடலில் ஏறி ஒரேயடியாக நின்றுவிட்டேன். வண்டி நகர்ந்தது! நகர்ந்த பிறகு சீட்டு தானாகக் கிடைத்தது. முதலில் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று இத்தனை நாளும் நினைத்ததுதான் என் தப்பு.

வட்டமடித்து அவளிடமே வந்து, அதேபோல் பெடலில் எழுந்து நின்று தரையில் கால் ஊன்றி இறங்கி, இப்போது அவள் சைக்கிளை நான் பிடித்துக்கொண்டேன். பாதையில் யாரும் இல்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மினதி ஒருமுறை முயன்றாள். புடவை பெடலில் மாட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். அதற்குள் மொத்த வியாபாரியின் வேன் ஹாரன் அடித்தது. பழத்தைப் பார்க்க வேண்டும். என் சைக்கிள் கூடையில் இரண்டு கொய்யாவைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வளைவு தாண்டியதும் என் கணவர் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"எங்க போன நீ? நில்லு, நில்லு, அங்க ஒரு கோயில் படி..."

நடுப்பாதையில் பிரேக் பிடித்து நின்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி ஏறிக் கிளம்பினேன். "அரே!" என்ற சத்தம் பின்னால் கேட்டது. தப்தபி வரை அவர் என்னை முந்தவே இல்லை. வழியில் காரணமே இல்லாமல் பல இடங்களில் நின்றேன், ஒரு வாத்துக் குஞ்சுக்காகக்கூட.

சால்ட் லேக் தெருக்கள் பாருய்பூர்ப் பாதைகளைவிட அகலம், சுத்தம். சருகு விழுந்தால் காலையிலேயே கூட்டிவிடுவார்கள். மறுநாள் காலை சைக்கிளை எடுத்தபோது கால் பழக்கத்தில் நடைபாதை விளிம்புக்கே போயிற்று. வண்டியை நடுத்தெருவுக்கு இழுத்துவந்து ஏறினேன்.

அந்தச் சந்தை முனைக் கல்லை நான் பார்த்ததில்லை. இப்போது அது மினதிக்குத் தேவைப்படாமல் போய், அதில் வேறு யாராவது கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்திருக்க வேண்டும், நாத்தனார் கூப்பிட்டால் மினதி நடுவழியில் நின்று பேசிவிட்டுப் போக வேண்டும் என்று ரொம்ப ஆசையாக இருக்கிறது.