குரூப்பில் எனக்குப் பத்தொன்பது வயது

எனக்கு நாற்பத்தாறு வயது. தென்காசியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. மாற்றுச் சான்றிதழில் பிள்ளைகளின் பிறந்த தேதியை எண்ணிலும் எழுத்திலும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதே கையால்தான், ஒரு டிவி சீரியல் ஜோடிக்கான ரசிகர் குரூப்பில் சேர்ந்து, வயது பத்தொன்பது என்று டைப் செய்தேன்.

விளையாட்டாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். நாற்பது தாண்டியவர்களை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். 'ஆன்ட்டி, அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாருங்க' என்பார்கள். என் வீட்டில் நான் பேசினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. குரூப்பில் ஒரு வரி போட்டால் முப்பது பேர் சிரித்தார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது. டிபியாக என் மகளின் மருதாணி வைத்த கையைப் போட்டேன். திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் அவளுக்கு நிஜமாகவே பத்தொன்பது. யாராவது வாய்ஸ் நோட் கேட்டால் 'வீட்ல அப்பா இருக்காவ' என்று எழுதித் தப்பித்துவிடுவேன்.

எதிர் ஜோடியின் ரசிகர்களை நாங்கள் பேசாத பேச்சில்லை. ஒருத்தியின் நிறத்தை, ஒருத்தியின் விவாகரத்தை, எல்லாவற்றையும் இழுத்தோம். யாராவது அழுது புகார் செய்தால் அட்மினிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: 'சின்னப் பிள்ளைங்க, மெச்சூரிட்டி இல்லாம பேசிட்டாங்க, விட்டுருங்க.' பேசியதில் பாதி நான்.

நாற்பது தாண்டியவர்களில், கேலிக்கு அஞ்சாமல் வயதைச் சொல்லிக்கொண்டு குரூப்பில் நிலைத்தவள் ஈரோட்டுக்காரி ஒருத்திதான். அறுபத்தொன்று என்றாள். அவளுக்குப் பாட்டி என்று பெயர் வைத்தது நான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். சாப்பிட்டியா கண்ணு, பரீச்சைக்குப் படிச்சியா கண்ணு என்று தனியாக மெசேஜ் வரும். எனக்கு இல்லாத பரீச்சைக்காகக் கோயிலில் விளக்குப் போட்டதாக ஒருநாள் எழுதினாள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிச் சிரித்தேன்.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்ததும் அவள் குரூப்பிலேயே எழுதினாள்: 'சனிக்கிழமை சொந்தக்காரங்களோட வேன்ல குத்தாலம் வர்றேன். கண்ணு, நீ இலஞ்சிதானே? பதினோரு மணிக்கு மெயின் அருவிகிட்ட நிக்கறேன். கல்யாண எபிசோடுல நம்ம புள்ள கட்டுன மாதிரியே வெந்தயக் கலர் சேலை கட்டியிருப்பேன்.' குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் ஊரை மட்டும் உண்மையாகச் சொல்லித் தொலைத்திருந்தேன். போய்ப் பார், போட்டோ எடுத்துப் போடு என்று குரூப் குதித்தது. போனால் அவளுக்கு என் வயது தெரிந்துவிடும். போகாவிட்டால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வரும். குரூப்பை இழக்க எனக்கு மனமில்லை.

அவள் கண்ணில் படாமல் போட்டோ மட்டும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்து போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவிக்கு எதிரே ரம்புட்டான் கடையில் நின்றுகொண்டேன். அவள் குளித்துவிட்டுத் தலையை விரித்துப் போட்டிருந்தாள். சொன்னபடியே கட்டியிருந்த வெந்தயக் கலர் சேலை வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. கையில் ஒரு பொட்டலம். கடந்து போகிற இளம்பெண்களையெல்லாம் பார்த்துப் பாதிச் சிரிப்புச் சிரித்தாள். ஒருத்தியிடம் 'கண்ணு, நீயா?' என்று கேட்க, அந்தப் பெண் ஒதுங்கிப் போனாள். பிறகு என்னையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுத்து யார் வருகிறார்கள் என்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. போனைத் தூக்கி, அவள் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து எடுத்தேன்.

'வந்துட்டா கல்யாணப் பொண்ணு' என்று எழுதிப் போட்டேன். பத்து நிமிடத்தில் யாரோ அதை ஸ்டிக்கராக்கினார்கள். பின்னால் அருவி, முன்னால் அவள், கீழே என் வரி. பிளஸ் ஒன் படிக்கிற பெண் ஒருத்தி, 'இது தப்புக்கா, அவங்க நம்மள நம்பி வந்திருக்காங்க' என்றாள். 'பாப்பா, போய் ஹோம்வொர்க் எழுது' என்றேன். அவள் குரூப்பை விட்டே போய்விட்டாள்.

ஈரோட்டுக்காரி போனை எடுத்தாள். வெகுநேரம் அதையே பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, போட்டோ எந்தப் பக்கமிருந்து எடுக்கப்பட்டதோ அந்தப் பக்கம் பார்த்தாள். நான் ரம்புட்டான் பையை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

சாயங்காலம் அவளுடைய மெசேஜ் தனியாக வந்தது. 'பச்சைச் சேலையில நின்னது நீங்கதானுங்களா? பயப்படாதீங்க, நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க. வளையல் வாங்கிட்டு வந்திருந்தனுங்க. டிபியில இருக்கறது உங்க பொண்ணு கைன்னு நினைக்கறனுங்க. அந்த ரம்புட்டான் கடையிலயே குடுத்திருக்கறேன், வாங்கிப் போட்டு உடுங்க.'

போட்டோவைப் பற்றி ஒரு சொல் இல்லை. கண்ணு இல்லை. வரிக்கு வரி 'ங்க'. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேனோ என்னவோ. அவள் மரியாதை கொடுத்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னைக் காட்டிக்கொடுக்க ஒருத்தி இருக்கிறாளே என்ற பயம் வேறு. அட்மினுக்கு எழுதினேன்: 'அந்தப் பாட்டி தனியா மெசேஜ் போட்டுத் தொந்தரவு பண்ணுது. வளையல் தாரேன், வந்து வாங்கிக்கோன்னு சொல்லுது. பயமா இருக்குக்கா.'

சின்னப் பெண்ணுக்குத் தொந்தரவு என்றதும் குரூப்பே கொதித்தது. ஆளாளுக்கு அவளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் நீக்கினார்கள். திட்டி முடிக்கும்வரை அவள் ஆன்லைனில்தான் இருந்தாள். எனக்கு என்ன வயது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் தீர்ந்தேன். எழுதவில்லை. நான் அவளை பிளாக் செய்தேன்.

ஆனால் வளையலை விடவில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்து குற்றாலம் போய் அந்தக் கடையில் கேட்டு வாங்கினேன்.

"அந்த அம்மா வேன் கெளம்புத வரைக்கும் இங்கனதான் நின்னாவ," என்றார் கடைக்காரர். "ஒங்க சொந்தமாக்கா?"

"இல்ல, யாரோ," என்றேன்.

கரும்பச்சைக் கண்ணாடி வளையல், ஒரு டஜன். எனக்குப் போட்டுப் பார்த்தேன். விரல் கணுவைத் தாண்டவில்லை. லீவுக்கு வந்த மகளுக்கு அளவெடுத்து வாங்கியதுபோல் இருந்தது. அவள் கையைப் போட்டோ எடுத்து டிபியை மாற்றினேன். குரூப்பில் எல்லாரும் இதயம் போட்டார்கள்.

மறுநாள் மகள் தன் போனோடு அடுப்படிக்கு வந்தாள்.

"எம்மா, இங்கன பாரு. ஹாஸ்டல் குரூப்புல வருது. குளிச்சிட்டு நிக்குத ஒரு பாட்டிய எடுத்து ஸ்டிக்கர் ஆக்கியிருக்காளுவ. நம்ம குத்தாலம்மா இது. எடுத்தவளுக்கு வீட்ல ஒரு அம்மா இருக்க மாட்டாளா?"

அவள் வளையல் குலுங்க என் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சின்னப் பிள்ளைகளா இருக்கும்ட்டி," என்றேன். "மெச்சூரிட்டி கெடையாது."