ஆண்டிச்சாமி பூசிய வெள்ளி

ஆண்டிச்சாமியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒத்தக்கடைப் பக்கம் எங்கள் கல்லூரியில் அவர் அட்டெண்டர். நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். அவர் பரவை ஊர்க்காரர். கல்லூரித் தொலைநோக்கியின் கண்ணாடிக்கு வெள்ளி பூசுவது பதினொரு வருஷமாக அவர் பொறுப்பு.

வீட்டுக் கண்ணாடிக்கு வெள்ளி முதுகுப் பக்கம் இருக்கும். இதற்கு முகத்திலேயே இருக்கும். விரல் பட்டால் போச்சு. வருஷத்துக்கு ஒருமுறை பழைய பூச்சைக் கரைத்தெடுத்து, வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் சர்க்கரைத் தண்ணீரும் கலந்து ஊற்றி, கண்ணாடி இருக்கும் தட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டே நிற்பார். அந்தப் பூச்சை நம்பித்தான் பேராசிரியர் ஹாலாஸ்யம் கார்த்திகைக் கூட்டத்து நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் படமெடுத்து, அவற்றில் என்னென்ன பொருள் இருக்கிறதென்று ஆராய்ந்துவந்தார்.

1937 சரஸ்வதி பூஜை. மானேஜர் சுப்பராமன் கருவிகளுக்குப் பொட்டு வைக்க வந்தார். கண்ணாடி லேசாக மங்கியிருந்தது. தன் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு என்று நினைத்தாரோ என்னவோ, விபூதியைப் போட்டு அங்கவஸ்திரத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டார்! ஹாலாஸ்யமும் நானும் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் பாதி வெள்ளி துணியோடு வந்துவிட்டது.

"ஆண்டிச்சாமி பூசின லட்சணம் இதுதான்" என்றாரே அந்தப் பாவி மனுஷன்! கமிட்டியில் நான் கத்தினேன். "உம்ம வேலையைப் பாரும்" என்றார்கள். ஹாலாஸ்யம் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயில் என்ன கொழுக்கட்டையா? ஆண்டிச்சாமியைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினார்கள்.

பிறகு ஹாலாஸ்யம் தானே பூசிப் பார்த்தார். இரண்டு தடவையும் பழுப்புத் திட்டாக வந்தது. தை பிறந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் கார்த்திகை மேற்கே இறங்கிவிடும். என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

"ஆண்டிச்சாமி, ஒருத்தருக்கும் தெரியாம வந்து பூசிக் குடுத்துட்டுப் போயிடேன்பா."

ஆண்டிச்சாமி குடத்தை இறக்கி வைத்தார். "பூசத் தெரியாதவன்னு காலேஜ் பூரா சொல்லியாச்சு. இப்ப திருட்டுத்தனமா வேற வரணுமா சார்? தேய்ச்சது ஆருன்னு ஒரு வரி எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. அம்புட்டுத்தான். அடுத்த நிமிசம் வாரேன்."

"மானேஜர் பகை எனக்கெதுக்குப்பா?"

"செய்யாத தப்புக்குக் கெட்ட பேரு மட்டும் எனக்கெதுக்கு சார்?"

ஹாலாஸ்யம் திரும்பி நடந்தார். அந்த வருஷம் அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஒரு வரி எழுதுவதைவிட ஒரு வருஷ ஆராய்ச்சியைத் தூக்கிப் போடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.