கோளாம்பி திரும்பிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு அச்சன், அதாவது மாதா கோயில் பாதிரியார், வருவார். ஆள் வரமாட்டார், குரல் மட்டும் வரும். மாதா கோயிலின் பின்மதில்தான் எங்கள் வீட்டுக்குக் கிழக்கு மதில். கோயில் கூரையில் கோளாம்பி என்று நாங்கள் சொல்லும் கூம்பு ஒலிபெருக்கி ஒன்று உண்டு. யார் கட்டிய புண்ணியமோ, அது சரியாக எங்கள் அடுக்களை ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்திருந்தது. பாறசாலைப் பக்கத்து ஊர் என்பதால் முதல் பூசை தமிழில், இரண்டாவது பூசை மலையாளத்தில். ஆக, ஒரே பிரசங்கத்தை நாங்கள் இரண்டு பாஷையிலும் கேட்டாக வேண்டும். இட்டிலி வேகும்போது தமிழ், அதைச் சாப்பிடும்போது மலையாளம்.

நாங்கள் சைவக் குடும்பம். கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்து மகாராஜா சர்க்காரில் குமாஸ்தா, அப்பா நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல். நெற்றியில் திருநீறு இல்லாமல் அப்பா காபி குடித்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் என்னைக் கோயிலை ஒட்டிய சிஸ்டர்மாரின் நாலாம் வகுப்பு வரையுள்ள எல்.பி. பள்ளியில் சேர்த்ததற்கு ஒரே காரணம், அது வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தது. ஊரில் பாதிப்பேர் அந்தக் கணக்கில் வந்தவர்கள்தான். என் வகுப்பில் திருநீறும் உண்டு, ஜெபமாலையும் உண்டு, தட்டம் என்கிற முக்காடிட்ட தலையும் உண்டு. மத்தியானக் கஞ்சிக்கும் பயறுக்கும் எல்லோருக்கும் ஒரே வரிசை.

அந்தக் கஞ்சிக்கு முன்னால் மணி அடிக்க வேண்டும். பலாமரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டுதான் எங்கள் மணி. மற்ற மணிகளைப் பியூன் அடிப்பார். பன்னிரண்டு மணிக்கு அடிப்பது மட்டும் பிள்ளைகளின் உரிமை. அது மத்தியான ஜெபத்துக்கான மணி. மும்மூன்றாக மூன்று தடவை, பிறகு நிறுத்தாமல் ஒன்பது. அது கேட்டதும் பள்ளிக்கூடம் முழுக்க இருந்த இடத்தில் நிற்கும். வேதக்காரப் பிள்ளைகள் ஜெபம் சொல்லும், நாங்கள் கைகட்டிச் சும்மா நிற்போம். கஞ்சிப்புரையில் சமைக்கிற அக்காள் அகப்பையைக் கீழே வைத்துவிடுவாள். ரோட்டில் போகிற சில பேர்கூட சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அந்த மணியை அடிக்க வேண்டும் என்பது எனக்கு மூன்றாம் வகுப்பில் வந்த பெரும் ஆசை. ஆனால் அது பியூனைக் கெஞ்சிக் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை.

திங்கட்கிழமை அசெம்பிளியில், நாங்கள் பெரிய சிஸ்டர் என்று அழைத்த தலைமையாசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்பார்: நேற்று அச்சன் என்ன சொன்னார்? முதலிலிருந்து கடைசிவரை விடாமல் சொல்லுகிற பிள்ளைக்கு அந்த வாரம் முழுதும் மணி. கேட்பதற்கு எளிது. ஆனால் பூசையில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று தெரியாதா? முன்னால் இருப்பவளின் ரிப்பனைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் தூங்குவார்கள். ஆகவே எழுந்து நிற்பவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: எல்லார்கிட்டயும் அன்பாயிருக்கணும்னு சொன்னாரு. பெரிய சிஸ்டர் பெருமூச்சு விட்டு, அதை எல்லா ஞாயிறும்தான் சொல்கிறார், வேறென்ன என்பார். வேறொன்றும் இருக்காது.

ஒரு திங்கட்கிழமை ஐந்து பேர் அன்பாயிருந்து உட்கார்ந்த பிறகு, நான் கையைத் தூக்கினேன்.

முழுவதையும் சொன்னேன். நூறு ஆட்டில் ஒன்று தொலைந்தது. இடையன் மற்றவற்றை விட்டுவிட்டு அதைத் தேடிப் போனான். அதோடு விடாமல், அச்சன் சொன்ன பஸ் கதையையும் சொன்னேன். அமரவிளை செக்போஸ்டில் ஒரு கிழவர் சிறுநீர் கழிக்க இறங்கினார், பஸ் அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டது. கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர் தலையை எண்ணினார், ஒன்று குறைந்தது. பஸ்ஸைத் திருப்பச் சொன்னார். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் ஏசினார்கள். ஏறின ஆளை இறக்கிவிடுவதுதான் என் வேலை, தொலைத்துவிடுவது இல்லை என்று கண்டக்டர் சொன்னார். அச்சன் எங்கே நிறுத்தினாரோ அங்கே நானும் நிறுத்தினேன், எங்கே இருமினாரோ அங்கே இருமவும் செய்தேன். பிறகு அறிவிப்புகள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். வாசலுக்குக் குறுக்கே ஸ்கூட்டர் வைக்கக் கூடாது. கோயிலின் பெரிய பாத்திரமான வார்ப்பைப் பாயசம் வைக்கக் கொண்டுபோனவர்கள் அதைத் தேய்த்துத் திருப்பித் தர வேண்டும்.

வார்ப்பு வந்தபோது பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த கண்ணீர் என்பது பிறகுதான் விளங்கியது. எனக்கு மணி என்றார்.

வேதபாட டீச்சருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "சிஸ்டரே, இது செபத்துக்குள்ள மணியாக்கும். பூசைக்கு வராத்த பிள்ளை அடிச்சா சரியாவுமா?"

"பூசைக்கு வந்த பிள்ளையளு ஒண்ணும் கேக்கல்லியே டீச்சரே. இது கேட்டவங்களுக்குள்ள மணி" என்றார் பெரிய சிஸ்டர்.

அந்த வாரத்தை எப்படிச் சொல்ல? இரும்புக் கம்பியைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூன்று, மூன்று, மூன்று, ஒன்பது. நான் கையை ஓங்கினால் ஊர் நின்றது. அகப்பை நின்றது, சைக்கிள் நின்றது, என்னைத் தினமும் கிள்ளுகிற நாலாம் வகுப்புக்காரி நின்றாள். இன்றுவரை எத்தனையோ மேடைகள் ஏறியிருக்கிறேன். அந்தப் பலாமரத்தடியில் நின்ற பெருமை வேறெங்கும் வரவில்லை. அதை ஒளிக்க எனக்கு அவசியமும் இல்லை.

அம்மா மட்டும் பயந்தாள். அப்பா காதில் போடாதே என்றாள். அதற்கென்றே வீட்டில் ஒரு மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் தங்கி சர்க்கார் வேலைக்கான பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டிருந்தார். இலையில் சோறு விழுந்ததும் சொல்லிவிட்டார்: "அத்தான், கேட்டீரா? உமக்க மவ கோயிலுல கப்பியாராயாச்சு." கப்பியார் என்றால் கோயில் மணியடித்து விளக்கேற்றுகிறவர். அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்காமல் ரசம் கேட்டார். கோபத்தில்தான் அப்பா இப்படிக் குனிந்தே இருப்பார் என்று நினைத்து நான் அப்பளத்தைக்கூடச் சத்தமில்லாமல் தின்றேன்.

அடுத்த ஞாயிறு இட்டிலி வெந்தது, அச்சன் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். கோளாம்பி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளத்தைப் பார்த்து நின்றது. மதிலோரம் துணி துவைக்கிற கல்லில் ஏறி நின்றேன். பாட்டு மட்டும் கொஞ்சம் வந்தது. பிரசங்கம் முழுவதும் குளத்து மீனுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அசெம்பிளியில் பெரிய சிஸ்டர் நேராக என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாரோ ஒருத்தி எழுந்து அன்பாயிருக்க வேண்டும் என்றாள். அந்த வாரம் மணியைப் பியூனே அடித்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு அழுதேன். அம்மா கேட்டும் சொல்லவில்லை. கடைசியில் அப்பாவே வந்து கேட்டார்: "என்ன மக்கா? ஆரு அடிச்சா?"

"கோளாம்பியைத் திருப்பிப்போட்டாச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல்லே. இனி எனக்கு மணி கிடைக்காது" என்று தேம்பினேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கையிலிருந்த பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்தார். நடந்தது இதுதான், எனக்குத்தான் தெரியாது. மாமா அந்த மாதம் ஒரு பரீட்சையில் தோற்றிருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோளாம்பிச் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று அவர் புலம்ப, அப்பா வக்கீல் தாளில் அச்சனுக்கு ஒரு மனு எழுதிவிட்டார். நகல் காவல் நிலையத்துக்கு என்று அடியில் ஒரு வரி வேறு. அச்சன் மறுபேச்சில்லாமல் கோளாம்பியைத் திருப்பிவிட்டார்.

அப்பா அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் முகச்சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டி, புதிதாகத் திருநீறு பூசிக்கொண்டு, "ஒண்ணு நடந்துட்டு வாறேன்" என்று புறப்பட்டார். எந்நாளும் அவர் நடக்கப்போவது மேற்கே, ரயில்வே ஸ்டேஷன் பக்கம். அன்று கிழக்கே போனார்.

ஞாயிறு காலை அச்சன் அடுக்களைக்குள் வந்துவிட்டார். நான் கையில் இட்டிலியோடு முற்றத்தில் குதித்தேன். கோளாம்பி பழையபடி எங்களைப் பார்த்து நின்றது. "அப்பா, காத்து திருப்பிப்போட்டுது!"

அப்பா பேப்பரைத் தாழ்த்தவில்லை. "ஆமாக்கும். நல்ல காத்து அடிச்சா எல்லாம் திரும்பும்" என்றார். மாமா புத்தகங்களை எடுத்துக்கொண்டு பாறசாலை நூலகத்துக்குப் போய்விட்டார். சொல்லப்போனால் அங்கே போன பிறகுதான் அவர் பாஸானார். நான் சப்பணமிட்டு உட்கார்ந்து தமிழிலும் கேட்டேன், மலையாளத்திலும் கேட்டேன். மறுநாள் கம்பி என் கையில் இருந்தது. நாலாம் வகுப்பு முடியும்வரை ஏறக்குறைய எல்லா வாரமும் அது என் கையிலேயே இருந்தது. காற்றுக்கு நான் நன்றி சொன்னேன். கோயிலுக்கும் அப்பாவின் சிவனுக்கும் பாதிப்பாதி.

இப்போது அப்பாவின் அலுவலகத்தில் நான்தான் உட்காருகிறேன். அந்த வக்கீலம்மா நம்ம சொல்லுறதை முழுசாக் கேப்பா என்று கட்சிக்காரர்கள் சொல்வதாகக் கேள்வி. போன மழைக்காலத்தில் பழைய கட்டுகளை உலர்த்தியபோது அந்த மனுவின் நகல் கிடைத்தது. அப்பா நகலில்லாமல் எதையும் அனுப்பமாட்டார். அதோடு சேர்த்து இன்னொரு தாள் குத்தியிருந்தது. மலையாளத்தில் இரண்டே வரி. மேற்படி மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம், வீட்டில் கேட்கிறவர் ஒருவர் உண்டு.

இருபத்தைந்து வருஷத் தொழிலில் அப்பா தாக்கல் செய்த மனுவைத் தானே திரும்பப் பெற்றது அது ஒன்றுதான். தாளை எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். "அண்ணைக்கு நல்ல காத்தாக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இன்னொரு நாள் நினைவுக்கு வந்தது. மணி திரும்பக் கிடைத்த அதே வாரம், ஒரு மத்தியானம். கம்பியை ஓங்கும்போது பார்த்தேன், ரோட்டுக்கு அந்தப்புறம் அப்பா. அந்நேரத்தில் கோர்ட்டில் இருக்க வேண்டியவர். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஸ்கூட்டரை அணைத்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, வெறுங்காலோடு நின்றார். மூன்று, மூன்று, மூன்று, ஒன்பது. முடிந்ததும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே வராமலே போய்விட்டார். நான் எங்கேயாவது எண்ணிக்கை தவறுகிறேனா என்று பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நல்லவேளை தவறவில்லை என்று நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டுவிட்டுக் கஞ்சி வரிசையில் போய் நின்றேன்.