ஆறுமணிக்குருவிக்குப் பின்னால் ஒரு கைதட்டல்

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடத் தப்பு அடிப்பார்கள். அவள் அசையாமல் தூங்குவாள். லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் சிரிப்பார்கள். "தப்புச் சத்தத்துக்கு முழிச்சா அது தோட்டத்துப் புள்ளையா, வாத்தியாரம்மா?" நானும் சிரித்துவைப்பேன். பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்ற பயத்தைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடுமோ என்றிருந்தது.

அவர் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். ஐப்பசி பிறந்தால் குருவிப் பைத்தியம் பிடித்துவிடும். அக்கரையிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, பறவைகள் வரும் காலம் அது. ஒரு வெள்ளிக்கிழமை எங்களை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய் அவருடைய அக்கா வீட்டில் தங்கவைத்தார். அங்கே வரும் ஆறுமணிக்குருவி விடியலிலும் அந்தியிலும்தான் கூவுமாம். நான் மறுக்காமல் போனதற்குக் காரணம் வேறு. தப்புச் சத்தம் மகளுக்குப் பழகியிருக்கலாம். இது அவள் கேட்டேயிராத சத்தம்.

மறுநாள் காலை, அந்த ஊர்ப் பூங்காவின் ஓடையோரப் பாதையில் மூடுபனி. மகள் என் இடுப்பில். பின்னாலிருந்த புதரில் யாரோ சீட்டியடித்ததுபோல் ஒரு கூவல். நான் சட்டென்று திரும்பினேன். மகளும் அங்கேதான் பார்த்தாள். ஒரு கணம் மனம் குளிர்ந்தது. பிறகு குழம்பியது. நான் திரும்பினால் இடுப்பிலிருக்கும் பிள்ளையும் திரும்பத்தானே செய்யும்?

அடுத்த கூவலுக்கு அசையக் கூடாது என்று நின்றேன். குருவியோ வாயைத் திறக்காமல் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. அவர் நோட்டில் எழுதத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. மகளைக் கீழே நிறுத்தி, அவள் முதுகுக்குப் பின்னால் போய்ப் பலமாகக் கைதட்டினேன். குருவி பறந்தது. மகள் சிரித்தாள். தட்டியதற்கா, பறந்ததற்கா?

"கிறுக்கா புள்ள ஒனக்கு? கைதட்டவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

"பாப்பாவுக்குக் காது கேக்குதான்னு பாத்தேங்க."

நோட்டிலிருந்து நிமிர்ந்தார். "கேக்காம என்னா? நான் வந்தா வாசலுக்கு ஓடி வருதுல்ல?"

"ஒங்க சத்தத்துக்கா, ஜன்னல்ல ஒங்களப் பாத்துட்டா?"

பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார். என்னை மகளின் எதிரே உட்காரச் சொல்லிவிட்டு, அவள் பின்னால் நின்று, "பாப்பா," என்றார். அவள் சருகு பொறுக்கினாள். மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது முறை திரும்பிப் பார்த்தாள். ஆனால் அந்த நேரம் நான் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டேன். என் பார்வை போன பக்கம்தான் பார்த்தாளோ?

அன்றே நானுஓயாவில் ரயிலேறி, ஹட்டனில் இறங்கி, எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்திலிருக்கும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனோம். "கேக்கும் புள்ள, பயப்படாத," என்று வழியெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கூப்பிட்டா பிள்ளை திரும்புதா?" என்று டொக்டர் கேட்டார்.

"திரும்புறா," என்றேன் நான்.

"இல்லங்க," என்றார் என் கணவர், அதே மூச்சில்.