எட்டுத் தாளிலும் பெயர் எழுதினேன்

பிரான்சிஸ் அண்ணனின் வேலை போனதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு தாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள். ஹட்டனில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் பயிற்சி உத்தியோகத்தராக இருந்தேன். முதலீட்டு ஆலோசகர்கள் பாவிப்பதற்கென்று கொழும்புத் தலைமையகம் ஓர் இணையத்தளம் செய்தது. அதன் மெனு சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. ஆலோசகரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, ஒரு படிவத்தைத் தேடச் சொல்ல வேண்டும். எத்தனை கிளிக், எத்தனை நிமிடம் என்று குறிக்க வேண்டும். நான் வாய் திறக்கக் கூடாது.

பிரான்சிஸ் அண்ணன்தான் எங்கள் கிளையின் மூத்த ஆலோசகர். திம்புள்ளப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, படித்து மேலே வந்தவர். வாடிக்கையாளர் இறந்துபோனால் குடும்பத்தார் பணம் கேட்கும் படிவம் எங்கே என்பதுதான் அவருக்கான கேள்வி. 'கஸ்டமர்ஸ்' திறந்தார், இல்லை. 'சேர்விசஸ்' திறந்தார், அங்கேயும் இல்லை. பதினொரு கிளிக். அந்தச் சனியன் 'ரிசோர்சஸ்' என்பதற்குள் மூன்றாவது அடுக்கில் கிடந்தது.

"ஏந் தங்கச்சி, செத்த வீட்டுக்காரங்க முன்னால வந்து நின்னு அழுறப்ப, யாருங்க ரிசோர்சஸ்ல போயித் தேடுவா? கஸ்டமர்ஸ்க்குள்ள வச்சா என்னவாம்? எழுதுங்க, நல்லா எழுதுங்க!" என்றார்.

நன்றாகத்தான் எழுதினேன். நான் சோதித்த எட்டு ஆலோசகர்களில் அவரோடு சேர்த்து ஆறு பேருக்கு அது அகப்படவில்லை. ஆளுக்கொன்றாகக் கொழும்பு அனுப்பிய தாள்களில் 'ஆள் 1', 'ஆள் 2' என்று இலக்கம்தான் இருந்தது. எனக்கு அது அரைகுறை வேலையாகப் பட்டது. என் அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்ட பிறகுதான் அங்கே வேலையே தொடங்கும். கொழுந்து நிறுத்தாலும் பெயருக்கு நேரேதான் எழுதுவார்கள். பெயரில்லாத தாளை எவன் நம்புவான்? இலக்கத்தை வெட்டிவிட்டு எட்டுத் தாளிலும் பெயரை முத்து முத்தாக எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் கொழும்பு மேலாளர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குரல் உயர்த்தாமல் பேசுவார். அந்த மெனுவை வகுத்தவரும் அவரேதான்.

"பிள்ளை, மெனுவில பிழை இல்லை. ஆக்களிலதான் பிழை. நீரே பேரோட எழுதித் தந்திருக்கிறீர்."

"சேர், ஆறு பேரும் ஒரே எடத்துலதான் தடுமாறுனாங்க..."

"பதினொரு கிளிக் அடிச்ச மனுசனுக்கு இனி என்னத்தைப் படிப்பிக்கிறது? வயசும் போட்டுது."

என் நியமனம் நிரந்தரமாகவில்லை, பயந்தேன். தடுமாறிய மற்ற ஐந்து பேரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிரான்சிஸ் அண்ணனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தப் படிவத்தைச் சத்தமில்லாமல் 'கஸ்டமர்ஸ்' கீழ் மாற்றினார்கள். தளம் இலகுவாகிவிட்டதென்று மேலாளருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் சோதிப்பது மெனுவை. தேடிக் களைத்த மனிதரின் பெயரை மேலிடத்துக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவர்கள் மெனுவைத் திருத்த மாட்டார்கள், ஆளைத் திருத்துவார்கள்.

பிறகு ஒருநாள் ஹட்டன் பஸ் நிலையத்தில் பிரான்சிஸ் அண்ணனைக் கண்டேன். ஒளிய இடமில்லை.

"அண்ணே, நான் உண்மையத்தான் எழுதுனேன்" என்றேன்.

"உண்மதாம்மா. தேடுனவன் பேரு இருந்துச்சு. அந்தப் படிவத்த அங்க கொண்டுபோயி வச்சவரு பேரு எங்க?"

அப்படியொரு கட்டம் அந்தத் தாளில் இருக்கவில்லை. இலக்கத்தை வெட்டத் தெரிந்த எனக்கு, அந்தக் கட்டத்தைப் போடத் தெரியவில்லை.